முகவரி யாருடையது?



இணையதளம் தொடங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இலவச ஹோஸ்டிங் போதுமா, பணம் கட்டி எடுக்க வேண்டுமா? சிற்றிதழ் நடத்துபவர் கேட்கிறார், ஊர் நூலகத்தார் கேட்கிறார், கைத்தறிச் சேலை விற்பவர் கேட்கிறார், பழைய மாணவர் சங்கத்துச் செயலாளரும் கேட்கிறார். பதில் சொல்லவும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஓசியில் கிடைப்பது ஒருநாள் காலை வாரிவிடும் என்பார் ஒருவர். இருபது வருடமாக பிளாக்ஸ்பாட்டில் எழுதுகிறார்களே, என்ன குறைந்துபோயிற்று என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரு தரப்பிலும் உண்மை இருந்தும் வழக்கு தீராமல் இழுக்கிறது என்றால், கேள்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பணம் கொடுக்கிறோமா இல்லையா என்பதைவிட, எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் வாதம். இடத்துக்குக் கொடுக்கும் முன்னால் பெயருக்குக் கொடுங்கள். பெயர் உங்களுடையதாக இருந்து, எழுதியவற்றின் பிரதியும் உங்களிடம் இருந்தால், இடம் இலவசமாக இருப்பதில் பெரிய தீங்கில்லை. பெயர் வேறொருவருடையது என்றால், மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினாலும் நீங்கள் அங்கே ஒண்டுக்குடித்தனம்தான்.

ஒரு தளத்தில் மூன்று பொருள் கலந்திருக்கிறது. நீங்கள் எழுதியதும் எடுத்த படங்களும் ஒன்று. அதைச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சரக்கை இரவு பகலாக இணையத்தில் விரித்து வைத்திருக்கும் ஒரு கணினியின் மூலை இன்னொன்று. ஹோஸ்டிங் என்பது அந்த மூலைக்கான வாடகை. வருகிறவர் தட்டச்சு செய்யும் பெயர் மூன்றாவது. அதை டொமைன் என்கிறோம். பின்னிரண்டும் பெரும்பாலும் ஒரே கடையில், ஒரே பில்லில் விற்கப்படுவதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கைபேசியை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கலாம். எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி இந்தியா முழுவதும் 2011 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்னால் சேவை எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஊரெல்லாம் கொடுத்து வைத்த எண்ணை விட மனமில்லாமல் அங்கேயே கிடந்தோம். எண் நம் கைக்கு வந்ததும் நம்மைத் தக்கவைக்க வேண்டிய கவலை நிறுவனத்துக்குப் போனது. டொமைனும் அப்படித்தான். அது உங்கள் பெயரில் இருந்தால், எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் ஓரிரு வரிகளை மாற்றினால் போதும். சில மணி நேரத்தில், அதிகம் போனால் இரண்டொரு நாளில், வாசகருக்குத் தெரியாமலே குடி மாறிவிடலாம்.

வரலாற்றில் இதற்குப் பெரிய சாட்சி ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட் என்று பெயர். அடுத்த ஆண்டே ஜியோசிட்டீஸ் ஆயிற்று. யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகக் குடியேறலாம். ஊரைப் போலவே பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். சினிமா எழுதுபவருக்கு ஹாலிவுட், கணினிக்காரருக்கு சிலிக்கான்வேலி, கல்வியும் இலக்கியமும் பேசுபவருக்கு ஏதென்ஸ். ஒவ்வொரு பேட்டையிலும் வீட்டுக்கு ஓர் எண். எச்டிஎம்எல் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் உலகெங்கும் மக்கள் அங்கே வீடு கட்டினார்கள். 1999 ஜனவரியில் யாஹூ அந்த ஊரையே சுமார் 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து விலைக்கு வாங்கியது. அவ்வளவு விலை எதற்கு? கட்டடங்களுக்கும் கணினிகளுக்கும் அத்தனை மதிப்பில்லை. விற்கப்பட்டது குடியிருந்தவர்கள் எழுதிய பக்கங்களும் அவற்றைத் தேடி வந்த கூட்டமும்தான்.

வாங்கிய சில மாதங்களில், ஜூன் 1999இல், யாஹூ தன் விதிமுறைகளை மாற்றியது. பயனர் வைத்திருக்கும் எழுத்து, படம் எல்லாவற்றையும் நிறுவனம் என்றென்றைக்கும் எந்த வகையிலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று படிக்கும்படியாக அந்த வாசகம் இருந்தது. குடியிருந்தவர்கள் கொதித்தார்கள், பலர் தங்கள் பக்கங்களை நிறமிழந்த சாம்பல் வண்ணத்துக்கு மாற்றி, ஊர் பேய்வீடாகிவிட்டது என்று எதிர்ப்பைக் காட்டினார்கள். யாஹூ விரைவிலேயே வாசகத்தைத் திருத்திக்கொண்டது. இதை மக்களின் வெற்றியாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கோபித்துக்கொண்டவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. நண்பர்கள் குறித்து வைத்த முகவரி, மற்ற தளங்கள் கொடுத்திருந்த இணைப்பு, தேடுபொறியில் சேர்ந்த இடம் எல்லாமே ஜியோசிட்டீஸ் என்ற பெயரோடு ஒட்டியவை. வெளியேறினால் எல்லாம் போகும். ஆகவே பெரும்பாலோர் இருந்தார்கள்.

இலவசத்தின் இன்னொரு நுட்பமும் அங்கே தெரிந்தது. பிற்காலத்தில் இலவசப் பக்கத்துக்கு மாதம் 3 ஜிபி அளவுக்குத்தான் தரவுப் போக்குவரத்து என்று எல்லை வைத்தார்கள். மாதத்துக்கு 3 ஜிபி ஒன்றும் குறைவில்லை என்று தோன்றும். ஆனால் அதை மணிக்கணக்கில் பிரித்து அளந்தார்கள்: மணிக்கு 4.2 எம்பி. உங்கள் பக்கத்தில் பத்துப் படம் இருந்து, யாரோ பிரபலமானவர் இணைப்புக் கொடுத்து, ஒரே நேரத்தில் சில நூறு பேர் வந்தால் முதல் சிலரோடு கதவு சாத்தப்படும். அந்த மணி முடியும்வரை வருகிறவர்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகைதான். ஆளே வராத நாட்களில் தளம் ஒழுங்காகத் திறந்திருக்கும். விருந்தாளி வந்த நாளில் பூட்டிவிடும். கெட்ட எண்ணத்தால் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இலவசம் கொடுப்பவருக்கு உங்கள் வெற்றி செலவு. பணம் வாங்குபவருக்கு அது வரவு.

கடைசியில் யாஹூ 2009 ஏப்ரலில் அறிவித்து, அக்டோபர் 26 அன்று ஊரையே மூடியது. ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் 31 வரை பிழைத்திருந்தது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவே ஆறு மாதம் இருந்ததே என்று கேட்கலாம். கவனமாக இருந்தவர்கள் தங்கள் கோப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கடவுச்சொல்லை மறந்தவர்கள், மின்னஞ்சலை மாற்றிக்கொண்டவர்கள், இறந்துபோனவர்கள் ஆகியோரின் பக்கங்கள் அனாதையாகக் கிடந்தன. ஜேசன் ஸ்காட் தலைமையில் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாகப் பிரதியெடுத்து, மறுவருடம் சுமார் 640 ஜிபி அளவில் பொதுவில் வெளியிட்டது. அதையும் மீறி எவ்வளவோ போயிற்று. மீண்டவையும் பழைய முகவரியில் கிடைக்காது. எழுத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், முகவரியைக் காப்பாற்ற வழியில்லை. அது யாஹூவின் சொத்து.

அந்த ஊரில் தமிழரும் குடியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராக இருந்தவரும் மயிலை எழுத்துருவை உருவாக்கியவருமான கு. கல்யாணசுந்தரம் நடத்திய தமிழ் மின்நூலகம் ஏதென்ஸ் பேட்டையில் 5180ஆம் எண் வீட்டில்தான் இருந்தது. தமிழ்த் தளங்களுக்கும் எழுத்துருக்களுக்கும் வழிகாட்டும் பலகையாக அன்றைய தமிழ் இணையத்தில் அந்த எண்ணைப் பலரும் குறித்து வைத்திருந்தார்கள். அந்த நூலகம் பிறகு சொந்த டொமைனுக்குக் குடிபோயிற்று; ஏதென்ஸ் 5180 என்ற பழைய இணைப்போ இன்று எங்கும் கொண்டுசேர்க்காது. அதே கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்திய மதுரைத் திட்டம் இந்த வாதத்துக்கு இன்னும் நல்ல சாட்சி. 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம் ஆரம்பத்தில் தமிழ்.நெட் என்ற தளத்தின் ஒரு கிளையாக, வேறொருவர் கூரையின் கீழ் இருந்தது. பிறகு சொந்தப் பெயர் எடுத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக் கணினியிலும் ஒரு நகல் தளம் இருந்தது. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும், இந்தக் குறிப்பைச் சேதப்படுத்தாமல் யாரும் பரப்பலாம் என்ற அனுமதி இருக்கும். அந்த அனுமதி வெறும் பெருந்தன்மை இல்லை. அது ஒரு காப்புமுறை. யார் யாருடைய கணினியிலோ அந்தக் கோப்புகள் கிடக்கின்றன. எந்த ஒரு நிறுவனம் மூடினாலும் எட்டுத்தொகையோ திருமுறையோ இணையத்தை விட்டுப் போய்விடாது. எழுத்துருச் சிக்கல் வேறு கதை: திஸ்கியிலும் பிற குறியேற்றங்களிலும் உள்ள பழைய பக்கங்கள் காப்பாற்றப்பட்டும் படிக்க முடியாத பூச்சிக் கோலமாகக் கிடப்பதை, யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுக்குப் பின்னும் பார்க்கிறோம். பிரதி வைத்தால் மட்டும் போதாது, திறக்கக்கூடிய வடிவில் வைக்க வேண்டும்.

பெயரும் இலவசமாகக் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்ததே என்று யாராவது நினைக்கலாம். அதையும் உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரீனாம் என்ற நிறுவனம், நியூசிலாந்தின் ஆளுகையில் உள்ள டோக்கலாவ் தீவுகளின் .டிகே பெயர்களையும், மாலி, காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி ஆகிய நாடுகளின் பெயர்களையும் இலவசமாக வாரி வழங்கியது. இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத டோக்கலாவின் பெயரில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கான தளங்கள் இருந்தன. மாணவர்களும் சிறு தொழில் செய்பவர்களும் எடுத்தார்கள். மோசடிக்காரர்களும் எடுத்தார்கள், அதுவும் மிகுதியாக. இலவசப் பெயரைப் பொறுத்தவரை பதிவுரிமை ஃப்ரீனாமுக்கே. எடுத்தவருக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதி மட்டும். காலாவதியான பெயர்களில் விளம்பரம் ஓட்டி நிறுவனம் சம்பாதித்தது. 2023 தொடக்கத்தில் புதிய பதிவுகள் நின்றன. மோசடித் தளங்களைக் காரணம் காட்டி மெட்டா நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. அதே ஆண்டு காபோன் தன் பெயர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பல லட்சம் பதிவுகளை ஒரேயடியாக நீக்கியது. 2024 பிப்ரவரியில் ஃப்ரீனாம் டொமைன் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. பட்டா இலவசமாகக் கொடுக்கிறேன் என்பவர் கொடுப்பது பட்டா ஆகாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மிக வலுவானது பிளாக்ஸ்பாட். 1999இல் தொடங்கி, 2003இல் கூகுள் வாங்கிய, பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் பிளாக்கர் சேவை இன்றும் இலவசமாக இயங்குகிறது. 2003க்குப் பின் தமிழில் எழுந்த வலைப்பதிவு அலையில் பெரும்பங்கு அங்கேதான் எழுதப்பட்டது. பல பதிவர்கள் எழுதுவதை நிறுத்திப் பதினைந்து ஆண்டாகியும் அவர்கள் பக்கம் திறக்கிறது. அதே காலத்தில் சொந்தப் பெயரில் காசு கொடுத்துத் தொடங்கிய தமிழ்த் தளங்கள் எத்தனையோ, புதுப்பிக்க ஆளில்லாமல் மறைந்தன. இதை நான் மறுக்கவில்லை. பராமரிக்க ஆளில்லாத எழுத்துக்குக் கூகுளின் நிழல், தனிமனிதரின் கடனட்டையைவிட நீடித்திருக்கிறது. ஆனால் அந்த நிழலின் எல்லையையும் பார்க்க வேண்டும். 2012இல் கூகுள், இந்தியாவில் இருந்து படிப்பவர்களை பிளாக்ஸ்பாட்.காம் முகவரியில் இருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் தானாகத் திருப்பத் தொடங்கியது. பார்த்தவர்கள் அந்த .இன் முகவரியைத்தான் நகலெடுத்தார்கள், பகிர்ந்தார்கள், கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திருப்புதல் கைவிடப்பட்டது. 2020இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரே கூகுள் கையை விட்டுப் போய் வேறு யாரோ பெயரில் பதிவாகிவிட்டது. லட்சக்கணக்கான பழைய இணைப்புகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. .காம் என்று மாற்றித் தட்டினால் பதிவு கிடைக்கும். அதை அறிந்த வாசகர் எத்தனை பேர்? உலகின் மிகப் பெரிய தேடுபொறி நிறுவனமே ஒரு பெயரைக் காக்கத் தவறும்போது பாதிக்கப்பட்டவர் அந்தப் பெயரின் கீழ் எழுதியவர். அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இங்கேதான் நான் சொல்லும் வழி பொருந்துகிறது. பிளாக்கரில் சொந்த டொமைனை இணைத்துக்கொள்ள கூகுள் கட்டணம் கேட்பதில்லை. பதிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கவும் வசதி இருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக ஒரு பெயருக்குக் கட்டிவிட்டு, கூகுளின் இடத்தை இலவசமாகப் பயன்படுத்தினால், நாளை கூகுள் கடையை மூடினாலும் அதே பெயரை வேறு இடத்துக்குத் திருப்பலாம். தனி எழுத்தாளருக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

எந்த இலவசம் நிலைக்கும், எது நிலைக்காது என்பதற்கும் ஒரு பொருளாதாரம் உண்டு. தளங்கள் இரண்டு வகை. எழுதி முடித்த பக்கத்தை அப்படியே எடுத்துக் கொடுப்பது ஒன்று. அச்சடித்த துண்டறிக்கையை வாசலில் அடுக்கி வைப்பது போல. மற்றது, ஒவ்வொருவர் வரும்போதும் நிரலை ஓட்டி, டேட்டாபேஸைத் தேடி, புதிதாகச் சமைத்துப் பரிமாறுவது. வேர்ட்பிரஸ் தளங்கள், கடைகள், உறுப்பினர் பதிவு உள்ள சங்கத் தளங்கள் இந்த வகை. முதல் வகைக்கு ஆகும் செலவு பெரிய நிறுவனத்துக்குச் சில்லறை. 2008இல் இருந்து நிரலாளர்கள் நிரல் வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தின் பேஜஸ் சேவை அந்த வகைத் தளங்களை இலவசமாக வைத்திருப்பதன் காரணம் இதுதான்: தளத்துக்கு 1 ஜிபி, மாதத்துக்கு 100 ஜிபி போக்குவரத்து என்று எல்லையை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள், வணிகத்துக்கு அல்ல என்றும் சொல்லிவிடுகிறார்கள். நிரலாளர்கள் தங்களிடம் தங்குவதில்தான் அவர்களுக்கு லாபம். இரண்டாம் வகையை இலவசமாகக் கொடுத்தவர்கள் நிலை வேறு. நிரல் ஓட்ட இடம் தரும் ஹெரோக்கு 2022 நவம்பர் 28 அன்று தன் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. இலவச பிஎச்பி ஹோஸ்டிங்கில் பெயர்பெற்றிருந்த 000வெப்ஹோஸ்ட்டில் இருந்து, 2015இல் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேரின் கடவுச்சொற்கள் வெளியே கசிந்தன; எந்த மறையாக்கமும் இல்லாமல், படித்தால் புரியும் எழுத்தாகவே அவற்றைச் சேமித்திருந்தார்கள். 2024இல் அந்தச் சேவையும் மூடப்பட்டது. ஆகவே இலவசம் என்று கேட்டவுடன் ஆராய வேண்டியது ஒன்று உண்டு. கொடுப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று அவரே வெளிப்படையாகச் சொல்கிறாரா? சொன்னால் நம்பலாம். தளத்தின் போக்குவரத்தை மறையாக்கம் செய்யும் சான்றிதழ்களை லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 டிசம்பரில் இருந்து இலவசமாக வழங்குகிறது. நன்கொடையாலும் நிறுவன ஆதரவாலும் நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். அதே சான்றிதழுக்கு இன்னும் தனிக்கட்டணம் வாங்கும் ஹோஸ்டிங் கடைகளும் இருக்கின்றன. சிறு தளத்துக்கு அந்தப் பணம் வீண்.

பணம் கட்டினால் பொறுப்பும் ஒப்பந்தமும் கிடைக்கிறதே என்பது அடுத்த எதிர்வாதம். கொஞ்சம் கிடைக்கிறது, விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைப்பது. வரம்பற்றது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், விதிமுறைகளைப் படித்தால் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் செயலி நேரத்துக்கும் உச்சவரம்பு இருக்கும். முதல் ஆண்டுக்குப் பாதி விலைக்கும் கீழே கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பது இத்தொழிலின் வழக்கம். தீபாவளித் தள்ளுபடிக்கு நாம் புதியவர்களா என்ன? கவனிக்க வேண்டிய விலை இரண்டாம் ஆண்டின் விலை. இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். 2021 மார்ச் 10 அன்று நடந்தது அதைவிடப் பெரியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான ஓவிஎச் நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பர்க் தரவு மையத்தில் நள்ளிரவில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் முழுவதும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இணையதளங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 36 லட்சம் தளங்கள் செயலிழந்தன. அவற்றில் பிரெஞ்சு அரசுத் தளங்களும் உண்டு. அனைவரும் பணம் கட்டியவர்கள். பேக்கப்புக்கென்று தனியாகக் கட்டணம் செலுத்திய ஒரு நிறுவனத்தின் பிரதிகூட எரிந்த இடத்திலேயே இருந்து அழிந்தது. அதற்காக 2023இல் பிரெஞ்சு நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. இழப்பீடு கிடைத்தாலும் எரிந்த கோப்பு திரும்பாது. வேறோர் இடத்தில் தாமே பிரதி வைத்திருந்தவர்கள் மட்டும் வேறு சர்வர் எடுத்து, பெயரைத் திருப்பி, சில நாட்களில் எழுந்தார்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிறதே, பிறகென்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு நாம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அது நினைவிடம், குடியிருக்கும் வீடாகாது. தளத்தின் எல்லாப் பக்கமும் அதில் இருக்கும் என்ற உறுதி இல்லை. டேட்டாபேஸின் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. 2024 அக்டோபரில் அதுவே தாக்குதலுக்கு உள்ளாகி, 3 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரம் திருடப்பட்டு, சில நாட்கள் மூடிக் கிடந்தது. நன்கொடையில் நடக்கும் ஒரு நிறுவனத்தின் தலையில் நம்முடைய சோம்பலையும் ஏற்றிவைப்பது நியாயம் ஆகாது.

ஏழைக்கு இதெல்லாம் எதற்கு, ஃபேஸ்புக் பக்கமே போதும் என்பது கடைசி எதிர்வாதம். வாடிக்கையாளர் அங்கே இருக்கும்போது கடைக்காரர் அங்கே பலகை மாட்டுவது புத்திசாலித்தனம்தான். பலகையைக் கடை என்று நினைக்கும்போதுதான் கோளாறு. அந்தப் பக்கத்தைப் பின்தொடர்பவர்களில் எத்தனை பேருக்கு உங்கள் செய்தி காட்டப்படும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. கணக்கு முடக்கப்பட்டால் முறையிட ஒரு மனிதர் கிடைப்பதும் அரிது. மாதம் நூறு ரூபாய்கூடக் கட்ட முடியாதவர் பலர் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களிடம் ஹோஸ்டிங் வாங்கச் சொல்லவில்லை. வருடத்தில் ஒருமுறை பெயருக்கு மட்டும் செலவிட்டால், அதை இன்று ஃபேஸ்புக் பக்கத்துக்கே திருப்பி வைக்கலாம். பெயர்ப்பலகையிலும் பில்லிலும் அந்தப் பெயரையே அச்சிடலாம். வசதி வந்தபோது அதே பெயரைச் சொந்தத் தளத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். பலகையை மறுபடி எழுத வேண்டியதில்லை.

இடத்துக்குப் பணம் கட்டியே தீர வேண்டிய நேரமும் உண்டு. பிறருடைய பணமோ, தொலைபேசி எண்ணோ, முகவரியோ உங்கள் தளத்துக்குள் வந்துவிட்டால் இலவச இடத்தில் அதை வைத்திருப்பது தவறு. சேலை விற்பவர் தளத்திலேயே ஆர்டர் வாங்குகிறார் என்றால் அவர் பணம் கட்டட்டும். புதுப்பிப்பு ஒழுங்காக நடக்கிறதா, பேக்கப் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். படங்களும் விலைப்பட்டியலும் மட்டும் போட்டு வாட்ஸப்பில் ஆர்டர் வாங்குகிறார் என்றால் இலவசமே போதும். சிற்றிதழ் பழைய இதழ்களை வரிசையாக அடுக்கி வைக்க வேண்டுமானால், முடித்த பக்கங்களாக ஓர் இலவச இடத்தில் வைத்துவிட்டு மிச்சப்படும் பணத்துக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கலாம். சங்கத்துச் செயலாளர் உறுப்பினர் பட்டியலைத் தளத்தில் ஏற்றாமலே இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

என் வாதத்திலும் ஒரு பலவீனம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. டொமைனைச் சொந்தம் என்று சொன்னாலும் அது குத்தகைதான். .காம் பெயரை ஒரே மூச்சில் பத்தாண்டுக்கு மேல் எடுக்க முடியாது. அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனத்துக்குச் செல்லும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. அதைக் கேள்வி கேட்கும் பலம் நமக்கில்லை. காலாவதியானால், உங்களுக்குப் பெயரை விற்ற பதிவாளர் பெரும்பாலும் சில வாரம் பொறுப்பார், பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதம். அதற்கும் மேல் தவறினால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குத்தகையில் உங்கள் உரிமையும் தவணையும் முன்கூட்டியே தெரியும். காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதமும் ஒரு வாரமும் முன்னதாக நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது பதிவாளர்களுக்கு விதி. அந்த நினைவூட்டல் எங்கே போகிறது என்பதில்தான் நம் ஊரில் தளங்கள் சாகின்றன. தளம் செய்து கொடுத்த இளைஞர் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். சங்கத்தின் முன்னாள் செயலாளருடைய மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் போகிறது. அவருக்கும் இந்நாள் செயலாளருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்னும் சிலர் அந்த டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். பெயர் காலாவதியானால் அந்த அஞ்சல்பெட்டியும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

ஆகவே இங்கே தளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். ஹோஸ்டிங்கை மாற்றுவது பற்றி நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனதும் உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதிவரை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அதை ஒரு தாளில் எழுதி, உங்களுக்குப் பின் தளத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரிடம் கொடுத்து வையுங்கள்.